போகாத நாளுக்கு எழுதின சைபர்

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்க எல்லார்கிட்டயும் முதல்ல ஒரு மன்னிப்பு. போன வாரம் பயிற்சி வகுப்புல பேசக் கூப்பிட்டீங்க. "ஃபீல்டுல நடந்த ஜாலியான விஷயம் ஏதாவது சொல்லுங்க மேடம்"னு கேட்டீங்க. நானும் கோவளத்துல மீன் விக்கிற அக்காங்க எனக்குப் பாம்புக்காரின்னு பட்டப்பேர் வெச்ச கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம், டீ குடிச்சோம், கலைஞ்சோம். பஸ்ல திரும்பி வர்றப்பவே எனக்கு என் மேல எரிச்சல். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அது இல்ல. நேர்ல சொல்ல வாய் வரல, அதனால எழுதறேன். இதுல ஜாலி ஒண்ணும் கிடையாது, எதிர்பார்க்காதீங்க.

நாம எண்ணிக் கணக்கெடுக்கிற மீன் விலாங்கு. வெளிநாட்டுல சால்மன் எண்றவங்க பாடு தேவலாம். சால்மன் ஆத்துல பொறந்து கடலுக்குப் போய், முட்டையிட ஆத்துக்கே திரும்பி வரும். அது அருவியில துள்ளுறதைப் படம் பிடிக்க டிவிக்காரங்க வரிசையில நிப்பாங்க. விலாங்கு அதுக்கு நேர் தலைகீழ். எங்கயோ நடுக்கடல்ல பொறக்கும். ஊசி மொத்தத்துல, உள்ளே இருக்கிறது வெளிய தெரியிற உடம்போட, ஆத்து முகத்துக்கு வந்து சேரும். அங்கேருந்து நீந்தி, ஊர்ந்து, ஈரமா இருந்தா சுவர்ல கூட ஏறி, நம்ம ஏரி குளத்துக்கு வந்து பல வருஷம் வாழும். கடைசியில ஒரு மழைக்கு இறங்கிக் கடலுக்குப் போய், முட்டையிட்டுச் செத்துப்போகும். நம்ம ஊர்ல யாரையாவது நழுவுற ஆளுன்னு திட்டணும்னா மட்டும்தான் இதோட பேர் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

அடையாறு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பாலத்து மேல வண்டியில போறப்ப மூக்கைப் பொத்திக்கிற ஆறு. இதுல எங்க மீன் ஏறப்போகுதுன்னு கேக்காத ஆள் இல்ல. வருஷத்துல முக்காவாசி நாள் ஏறாதுதான். பெரிய மழை பெஞ்சு, சாக்கடையெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போய், ஆத்துல வெறும் மழைத்தண்ணி ஓடுற ஒரு வாரம் பத்து நாள்தான் அதுங்களுக்கு வழி. ஆத்தோரத்து முடிச்சூர்ல நாங்கல்லாம் மழை நின்னா போதும் சாமின்னு கும்பிட்டுக்கிட்டு இருப்போமே, சரியா அந்த நாள்லதான் குஞ்சு மேல வரும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

எனக்குக் கொடுத்த இடம், ஏரியில இருந்து வழியிற தண்ணி ஒரு வாய்க்காலா வந்து ஆத்துல சேர்ற இடம். என் வீட்டுல இருந்து பத்து நிமிஷ நடை. தேங்காய் நாரைக் கட்டுக் கட்டாக் கட்டி, கல் வெச்சு வாய்க்கால்ல இறக்கிடுவோம். ஏறி வர்ற குஞ்சு அந்த நார்ல புகுந்து ஒதுங்கும். காலையில கட்டைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் டப்புல உதறி, எண்ணி, மேல் பக்கம் விட்டுடுவோம். இதுக்கு ஒத்தாசைக்கு ஏழுமலைன்னு ஒருத்தர். வாய்க்கால் கரையிலயே குடிசை, வீச்சு வலை போட்டு ஜிலேபி, கெளுத்தி பிடிச்சு ரோட்டோரம் விக்கிறவர். எனக்கு ரெண்டு வயசு சின்னவர். தண்ணி வந்தா இது வரும் யக்கான்னு முதல் நாளே சொன்னார். சொன்னதெல்லாம் தாள்ல ஏறாது ஏழுமலை, எண்ணினாத்தான் ஏறும்னு நான் பெரிய இவளாட்டம் பதில் சொன்னேன்.

எங்க திட்டத்துக்குத் தலைவர் ஒருத்தர் இருந்தார். அவர் பேர் வேண்டாம், சார்னே சொல்றேன். அதிகம் பேச மாட்டார். ஆனா ஒரு விஷயத்துல மட்டும் ரொம்பக் கறார். தினசரித் தாள்ல போய்ப் பார்த்து மீன் இல்லைன்னா சைபர். போக முடியாத நாளுக்கு ஒரு கோடு. காய்ச்சல், கல்யாணம், சோம்பேறித்தனம், காரணம் எதுவா வேணா இருக்கட்டும், அவர் திட்டவே மாட்டார், கோடு போட்டுடணும். முதல் வருஷம் மழை பொய்ச்சு வாய்க்கால் காஞ்சு கிடந்தது. அதனால ரெண்டாவது வருஷ மழைதான் எங்களுக்கு முதல் மழை.

இப்ப என் வீட்டைப் பத்திச் சொல்லணும். முடிச்சூர்ல தரைத்தளம். கல்யாணம் பண்ணிக்கல, தம்பி துபாய்ல, அம்மாவும் நானும் மட்டும். இந்தத் திட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்த அந்தப் பெரிய வெள்ளத்துல வீட்டுக்குள்ள ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணி. அம்மாவால நடக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பசங்க நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சுத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஏத்தினாங்க. மாடி வராந்தாவுல மூணு நாள் இருந்தோம். அதுக்கப்புறம் மழைச் சத்தம் கேட்டா போதும், அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சுவர் கட்டிட்டாங்களாடின்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க.

சுவர்னா, ஆத்துத் தண்ணி வாய்க்கால் வழியா எங்க காலனிக்குள்ள ஏறாம இருக்க, வாய்க்கால் முனையில ஒரு தடுப்புச் சுவர். ஆள் உயரத்துக்கு மேல. ஏரித் தண்ணி மேல வழிஞ்சு கீழ விழலாம், ஆத்துத் தண்ணி மேல வர முடியாது. அதைக் கட்டப்போற அரசாங்க ஆபீஸ்ல இருந்து சாருக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த வாய்க்காலை ஏதாவது மீன் பயன்படுத்துதா, மழைக்காலம் முடிஞ்சதும் சொல்லுங்கன்னு. ஆமான்னா மீன் ஏறிப்போக சுவரோரமா கல் பதிச்சு, எப்பவும் ஈரம் இருக்கிற மாதிரி ஒரு சரிவு வைக்கணும். அதுக்குப் படம் மாத்தணும், இன்னொரு அனுமதி வாங்கணும், வேலை ஒரு மழை தள்ளிப்போகும். இல்லைன்னா நேரா எழுப்பிடலாம். எங்க நலச் சங்கத்து வாட்ஸ்அப்புல இந்தச் சுவரைத் தவிர வேற பேச்சே இல்ல. மீன் எண்ற மேடம் நம்ம பிளாக்லதான் இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. நானும் சொல்லிக்கல.

மழை லேசா ஆரம்பிச்ச மூணு வாரம் நான் ஒரு நாள் விடாமப் போனேன். ஆறு இன்னும் நாறிக்கிட்டு இருந்தது. டப்புல ஒண்ணும் விழல. சைபர், சைபர், சைபர். அதெல்லாம் யோக்கியமான சைபர். அப்புறம் ஒரு காலையில அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. தாம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தேன். அதே நாள் மழை பிடிச்சது பாருங்க, கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு. ஒன்பது நாள் அம்மா ஆஸ்பத்திரியில. நானும் அவங்க கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல. ஒரு போன் போட்டிருந்தா சார் வேற ஆளை அனுப்பியிருப்பார். என் இடத்தை நானே பார்த்துக்கறேன், வீடு பக்கத்துலதானேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சவ நான். நாளைக்குப் போயிடலாம், நாளைக்குப் போயிடலாம்னு ஒன்பது நாள் போச்சு. ஏழுமலை போன் தண்ணியில போயிடுச்சுபோல, ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், ரிங் போகல.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மறுநாள் வாய்க்காலுக்குப் போனேன். தண்ணி வடிஞ்சு, கருப்புத் தண்ணி திரும்ப வந்துடுச்சு. நார்க்கட்டுல பாதியைக் காணோம். மீதியை உதறினா ஒண்ணும் இல்ல. ஏழுமலை குடிசை பூட்டியிருந்தது, பள்ளிக்கூடத்துல தங்க வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. அந்தப் பள்ளிக்கூடம் ஒண்ணும் படப்பைக்கு அந்தப் பக்கம் இல்ல. ரெண்டு தெரு தள்ளி. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் போகல.

அன்னிக்கு மத்தியானம் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துட்டுத் தாளை எடுத்தேன். மேல மூணு வாரம் சைபர். கீழ அன்னிக்கு எழுத வேண்டியதும் சைபர். நடுவுல ஒன்பது கட்டம் காலி. மழை திரும்பத் தூற ஆரம்பிச்சது. சுவர் கட்டிட்டாங்களாடின்னு அம்மா கேட்டாங்க. நான் ஒன்பது கட்டத்துலயும் சைபர் எழுதினேன். மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நடுவுல மட்டும் எங்கேருந்து வந்துடப்போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா உங்ககிட்ட பொய் சொல்ல வேண்டாம். ஒன்பது கோடு போட்டா சார் இன்னொரு மழை பார்க்கணும்னு சொல்லுவார்னு எனக்கு நல்லாவே தெரியும். இன்னொரு மழை அந்தத் தரைத்தளத்துல அம்மாவோட இருக்க எனக்குப் பயமா இருந்தது. அங்க மீன் இல்லாம இருக்கணும்னு நான் ஆசைப்பட்டேன்.

சார் தாளைப் புரட்டிப் பார்த்தார். அந்த ஒன்பது நாள்ல விரல் நின்னது. நிமிர்ந்து கேட்டார். "இவ்வளவு மழையில கூடவா போன?"

"போனேன் சார்."

அவர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கல. அறிக்கையில கடைசிப் பக்கத்துல, கடும் மழையிலும் ஒரு நாள் தவறாமல் கண்காணித்தவர்னு என் பேரைப் போட்டார். எனக்குன்னு அச்சுல வந்த ஒரே பாராட்டு அதுதான். ஒரு பிரதியை வாங்கிப் பீரோவுல வெச்சேன்.

சுவர் கோடையிலயே எழும்பிடுச்சு. நேரா, வழவழன்னு, தண்ணி தெறிக்காம இருக்க மேல் விளிம்பு ஒரு சாண் முன்னால நீட்டிக்கிட்டு. அடுத்த மழைக்கு எங்க தெருவுல கணுக்கால் அளவு கூடத் தண்ணி நிக்கல. சங்கத்துல கேசரி பண்ணி வீட்டுக்கு வீடு கொடுத்தாங்க. அம்மா மழைச் சத்தத்துல தூங்கினதை அன்னிக்குத்தான் பார்த்தேன். பக்கத்துல உக்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்கு சந்தோஷமாத்தான் இருந்தது. அந்தச் சுவரே வந்திருக்கக் கூடாதுன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்.

மழை விட்டு வெயில் வந்த முதல் காலையில, சார்கிட்ட தாளைக் கொடுத்ததுக்கு அப்புறம் முதல் தடவையா, வாய்க்கால் பக்கம் போனேன். சுவருக்குக் கீழ ஏழுமலை குத்த வெச்சு உக்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திரிக்கல. சுவரைக் கையால காட்டினார். முதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. சிமெண்டுல ஏதோ நூல் நூலா ஒட்டிக்கிட்டு இருந்தது. கிட்டப் போனதும் தெரிஞ்சது. தரையில இருந்து அந்த நீட்டின விளிம்பு வரைக்கும், சுவர் முழுக்க, விலாங்குக் குஞ்சு. ஈரம் இருந்த வரைக்கும் ஏறியிருக்கு. விளிம்பைத் தாண்ட முடியல. தண்ணி வழியிறது நின்னதும் அங்கங்க அப்படியே காஞ்சு ஒட்டிக்கிச்சு. உடைச்சுப் போட்ட சேமியா மாதிரி இருந்தது. கீழ குட்டையில இன்னும் கொஞ்சம் உயிரோட, சுவர்ல தலையை முட்டிக்கிட்டு இருந்தது.

ஏழுமலைதான் முதல்ல பேசினார். "போன மழைக்கே இத்தினி வந்துச்சே யக்கா. நாரு புட்டுகினு போவுதேன்னு தூக்கினேன், உள்ள நெறைய கீது. ஒரு பாட்டில்ல புட்ச்சிகினு உன் வூட்டாண்ட வந்தேன். கேட்டு பூட்டிகினு இருந்துச்சு. ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, எட்த்துனு போயி ஏரில வுட்டேன்."

அம்மாவோட ஆஸ்பத்திரியில இருந்தேன்னு சொன்னேன். அவர் கோபப்படவே இல்ல. நடந்ததை எனக்குத் தெளிவாச் சொல்லிடணும்கிற மாதிரி நிதானமாச் சொன்னார்.

"அத்தான் சொல்றேன். நீதான் வரல. அது வந்துச்சு."

ரெண்டு பேரும் ஏழுமலை வீட்டு வாளியை எடுத்துக்கிட்டு, குட்டையில உயிரோட இருந்ததை அள்ளி, சுத்தி நடந்து ஏரியில விட்டோம். மூணு நடை. சுவர்ல இருந்ததைச் சுரண்டி எடுக்க நான் முயற்சி பண்ணினேன். விட்டுடு யக்கான்னு ஏழுமலை சொல்லிட்டார்.

அன்னிக்கே சார்கிட்ட போய்ச் சொன்னேன். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கணும்னு தயாராப் போனேன். அவர் அறிக்கையோட அவர் பிரதியை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என்னைப் பாராட்டி எழுதின அந்த ஒரு வரியை ஸ்கேல் வெச்சு அடிச்சார். மெதுவா, நேரா ஒரு கோடு. அப்புறம் சொன்னார். "நீ கோடு போட்டிருந்தா நானே போய் ஏழுமலையைப் பார்த்திருப்பேன்மா."

அவ்வளவுதான். என்னை வேலையை விட்டு அனுப்பல. தவறு எங்களுடையதுன்னு அவர் பேர்லயே அந்த ஆபீஸுக்குத் திருத்தம் எழுதினார். வேலை முடிந்துவிட்டது, வருங்காலத்தில் பராமரிப்பின்போது பரிசீலிக்கப்படும்னு பதில் வந்தது. நாலு தடவை எழுதினார், நாலு தடவையும் அதே பதில். அவர் ஓய்வு பெற்றுப் போற வரைக்கும் என்கிட்ட வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசல. அவர் வீட்டு விசேஷத்துக்கு எல்லாருக்கும் பத்திரிகை வந்தது, எனக்கும் வந்தது, தபால்ல. பக்கத்து நாற்காலியில இருக்கிறவளுக்குத் தபால்ல.

அம்மா இன்னும் ரெண்டு மழை பார்த்துட்டுப் போனாங்க. ரெண்டு மழையும் காஞ்ச தரையில, அவங்க கட்டில்லயே தூங்கினாங்க. அதை நான் யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா அந்த ஒன்பது சைபர் இல்லாமலேயும் அவங்களைக் காப்பாத்தியிருக்கலாம். ஒரு மழைக்கு மட்டும் மாடியில ஒரு வாடகை வீடு பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும். அது அன்னிக்கு என் புத்திக்கு எட்டவே இல்ல. பயத்துல இருக்கறப்ப நம்ம கண்ணுக்கு ரெண்டே வழிதான் தெரியும், அதுல நமக்கு வசதியானதைத்தான் உண்மைன்னு எழுதத் தோணும். உங்களுக்கும் தோணும். தோணாதுன்னு சொல்றவங்களை நான் நம்ப மாட்டேன். அப்ப பேனாவைக் கீழ வெச்சுட்டு யாருக்காவது போன் போடுங்க. எனக்குப் போடுங்க. நான் சும்மாத்தான் இருக்கேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ஏழுமலையும் நானும் வாளியோட சுவரடிக்குப் போனோம். ரிட்டயர் ஆனப்புறமும் போனேன். முதல் வருஷம் வாளி வாளியா அள்ளினோம். அடுத்த மழைக்கு ஒரு வாளி அடியை மறைக்கிற அளவு. அப்புறம் டம்ளர்ல அள்ளினோம். அப்புறம் விரல் விட்டு எண்ணினோம். காரணம் அந்தச் சுவர் மட்டும்தான்னு என்னால சொல்ல முடியாது. கடல்ல என்னவோ, ஆத்து முகத்துல என்னவோ, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினவ கதைதான் இது, அதனால இதோட நிறுத்திக்கறேன். போன மழைக்கு ஏழு வந்தது. ஏழையும் ஏழுமலை உள்ளங்கையில வெச்சே எடுத்துட்டுப் போனார்.

இந்த மழைக்கு ஒரு நாள் கூட விடல. குடையும் பிடிச்சேன், முழங்கால் வலிக்கு உறையும் மாட்டினேன். ஆத்துல நல்ல தண்ணி ஓடின அத்தனை காலையும் நார்க்கட்டைத் தூக்கி உதறினோம். கடைசி நாளன்னிக்கு ஏழுமலை டப்புக்குள்ள கையை விட்டு, அடியை ஒரு தடவை சுத்தித் தடவிப் பார்த்தார். கண்ணு சரியாத் தெரியலையோன்னு சந்தேகம் அவருக்கு. நானும் கையை விட்டுத் தடவினேன். தேங்காய் நார்த் தூசி மட்டும் விரல்ல ஒட்டிச்சு.

ஏழுமலை கையை லுங்கியில துடைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ வந்துட்ட யக்கா. அதுதான் வரல."

பையில இருந்த இந்த மழைக்கான தாளை எடுத்து, அன்னிக்குக் கட்டத்துல சைபர்னு எழுதினேன்.